பிள்ளைக்கு வாய்ப்புண் வந்தால் முதலில் என்ன செய்வது?

நேற்றுவரை ஓடித் திரிந்த பிள்ளை இன்று சோற்றைக் கண்டாலே தலையைத் திருப்புகிறது, பால் போத்தலை வாயில் வைத்தவுடன் வீறிட்டு அழுகிறது, வாயோரம் வீணீர் வடிந்துகொண்டே இருக்கிறது. பல்லு முளைக்குது என்று ஒருவர் சொல்வார், நாவூறு என்று இன்னொருவர், சூடு பிடிச்சிட்டுது, எண்ணெய் வைத்துத் தோய வார் என்று அப்பம்மா. கடைசியில் யாராவது வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தால் உதட்டின் உட்பக்கத்திலோ நாக்கிலோ சின்னச் சின்னப் புண்கள் இருக்கும். அடுத்த நிமிடம் பாமசிக்கு ஆள் போகும்: "வாய்ப்புண்ணுக்குப் பூச ஏதாவது தாங்கோ."

அந்த ஆள் பாமசிக்குக் கிளம்புவதற்கு முன் வாசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் வாய்ப்புண்களில் மிகப் பெரும்பாலானவை தாமாகவே ஆறிவிடும். அவற்றை ஆற்றும் பூச்சு மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் புண் ஆறுவதற்கு ஒரு கிழமை, சில வேளை இரண்டு கிழமை எடுக்கும், அந்த நாட்கள் முழுக்கப் பிள்ளை தண்ணீர் குடிக்க வேண்டும். வாய் நோவதால் குடிக்க மறுத்து, உடம்பில் நீர் வற்றிப்போய், அதனால்தான் வாய்ப்புண் வந்த பிள்ளைகள் வாட்டில் சேலைன் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: நோவைக் குறைத்து, குடிக்க வைப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் இவ்வளவு நோகிறது? வாயின் உட்பக்கத் தோல் மிக மெல்லியது, எப்போதும் ஈரமாக இருப்பது, நரம்பு நுனிகள் நிறைந்தது. மேற்படை உரிந்தவுடன் அந்த நுனிகள் வெளியே தெரிகின்றன. முழங்கால் உரசிய இடத்தில் தேசிக்காய்ப் புளி பட்டால் எப்படி எரியுமோ, பிள்ளைக்கு ஒவ்வொரு கவளத்திலும் அதுதான் நடக்கிறது. உப்பு, புளி, உறைப்பு, சூடு எல்லாம் எரிக்கும். சும்மா எச்சில் விழுங்குவதுகூட நோகும், அதனால்தான் விழுங்காமல் வெளியே வடிய விடுகிறது. பசி இருந்தும் சாப்பிடாத பிள்ளையைப் பிடிவாதம் என்று பேசாதீர்கள், அடிக்காதீர்கள்.

எந்தப் புண் என்று எப்படிப் பார்ப்பது

நோயைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பது டொக்டரின் வேலை. ஆனாலும் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறதா, உடம்பில் வேறு எங்காவது பொரிந்திருக்கிறதா என்ற நாலு விஷயத்தைப் பார்த்தால் உங்களுக்கே பாதி விளங்கிவிடும்.

பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைக்கு, காய்ச்சல் இல்லாமல், ஒன்றோ இரண்டோ புண், நடுவில் வெள்ளை அல்லது மஞ்சள், சுற்றிவரச் சிவப்பு வளையம், உதட்டின் உட்பக்கத்திலோ கன்னத்தின் உட்பக்கத்திலோ நாக்கின் ஓரத்திலோ வந்தால் அது சாதாரண வாய்ப்புண். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. 7 தொடக்கம் 14 நாட்களில் தழும்பில்லாமல் ஆறும். கன்னத்தைக் கடித்துக்கொண்டது, பிரஷ் குத்தியது, சோதனை நேரத்துப் பதற்றம், தாய்க்கோ தகப்பனுக்கோ அடிக்கடி வருவது, இரும்புச்சத்துக் குறைவு என்று காரணம் பல இருக்கலாம், காரணமே தெரியாமலும் வரும்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, கொஞ்சம் காய்ச்சலோடு, வாய்க்குள் புண்ணும் உள்ளங்கை, உள்ளங்கால், சில வேளை முழங்காலிலும் பின்பக்கத்திலும் சிவப்புப் பொட்டுகளோ சின்னக் கொப்புளங்களோ வந்தால் அது பெரும்பாலும் கை, கால், வாய் நோய். இது வைரஸால் வருவது. கொக்ஸாக்கி ஏ16 என்பது அதில் அதிகம் அடிபடும் பெயர், வேறு சில என்டரோ வைரஸ்களும் உண்டு. மாடுகளுக்கு வரும் கால், வாய் நோய்க்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, வீட்டில் மாடு நிற்பதால் பிள்ளைக்கு வந்தது என்று பயப்பட வேண்டாம். முன்பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அந்தக் கிழமையே இன்னும் நாலு பேருக்கு வருவது வழக்கம். 7 முதல் 10 நாட்களில் மாறிவிடும். சில பிள்ளைகளுக்கு மாறிச் சில கிழமைகளுக்குப் பிறகு கை, கால் நகம் கழன்று விழும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நோவில்லாமல் விழுந்து புது நகம் முளைத்துவிடும்.

இங்கே எங்கள் யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உடம்பில் கொப்புளம் என்றாலே அம்மாள் வந்திருக்கிறா என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகிவிடுவோம். கொப்புளிப்பானில் பொரிகள் அதிகமும் நெஞ்சு, முதுகு, முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் பரவும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் குறைவு. கை, கால், வாய் நோயில் அந்த இடங்களில்தான் முக்கியமாகத் தெரியும். இரண்டில் எதுவாக இருந்தாலும் வேப்பிலையால் ஒரு கெடுதலும் இல்லை, வீட்டைச் சுத்தமாக வைப்பதும் பிள்ளையைத் தனியே படுக்க வைப்பதும் நல்ல பழக்கம்தான். ஆனால் அம்மாள் வருத்தத்துக்கு மருந்து குடுக்கக்கூடாது என்று பரசிற்றமோலைக் கூட நிறுத்திவிட்டு, டொக்டரிடம் காட்டாமல் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளை நோவில் துடிப்பதை எந்தத் தெய்வமும் கேட்கவில்லை.

அதே வகை வைரஸ் சில வேளை கை காலில் ஒன்றையும் காட்டாமல், திடீரென்று கடும் காய்ச்சலையும் தொண்டையின் வாசலில், அண்ணத்தின் பின்பக்கத்தில் மட்டும் சின்னப் புண்களையும் தரும். வாயின் முன்பக்கம் சுத்தமாக இருக்கும், பிள்ளை தொண்டை நோவு என்று சொல்லும். இதுவும் தானாக மாறுவதுதான்.

எல்லாவற்றிலும் கூடுதலாக நோவது ஹேர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் முதல் தடவை தொற்றும்போது வருகிற புண். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் அதிகம். முதலில் காய்ச்சல், சினம், பசியின்மை. பிறகு முரசு (பல்லைச் சுற்றியுள்ள சதை) முழுக்கச் சிவந்து வீங்கும், தொட்டால் இரத்தம் கசியும், நாக்கு, உதடு, வாயைச் சுற்றியுள்ள தோல் எல்லாம் கொப்புளித்து உடையும், வாய் நாறும். முரசு வீங்கியிருப்பதுதான் இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். மாற 10 முதல் 14 நாள் எடுக்கும். இந்த ஒன்றுக்கு வைரஸைத் தடுக்கும் மருந்து உண்டு, அசைக்ளோவிர் என்று பெயர். புண் தொடங்கி முதல் மூன்று நாட்களுக்குள் ஆரம்பித்தால் நோவு நாட்கள் குறையும், பிந்தினால் பெரிதாகப் பலன் இல்லை. அதனால் முரசு வீங்கி இரத்தம் கசிகிற பிள்ளையை "இன்னும் இரண்டு நாள் பார்ப்பம்" என்று வைத்திருக்காமல் உடனே காட்டுங்கள். மருந்து தேவையா என்று டொக்டர் தீர்மானிப்பார். இந்தப் பிள்ளை விரல் சூப்பினால் வைரஸ் விரலுக்குப் போகும், கையால் கண்ணைக் கசக்கினால் கண்ணுக்குப் போகும். கண் சிவந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இந்த வைரஸ் பெரியவர்களின் உதட்டோரத்தில் அவ்வப்போது கொப்புளமாக வரும், காய்ச்சல் கொப்புளம் என்று சொல்லி விட்டுவிடுவோம். அந்த நேரத்தில் கைக்குழந்தையைக் கொஞ்சக்கூடாது. பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்கு இது தொற்றினால் உயிருக்கே ஆபத்து. துடக்குக் கழிவு, தொட்டில் என்று வீடு நிறையச் சொந்தக்காரர் வந்து குழந்தையைக் கொஞ்சுகிற நாளில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள். தாயின் சார்பில் தகப்பனோ அம்மம்மாவோ சொன்னால் யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள்.

கைக்குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்து, துணியால் மெதுவாகத் துடைத்தும் போகாவிட்டால் அது பூஞ்சணம். பால் படிவு என்றால் துடைத்தவுடன் போய்விடும். இதற்கு நிஸ்டற்றின் என்ற துளிமருந்தை எழுதிக் கொடுப்பார்கள், பால் குடித்த பிறகு போட வேண்டும், வெள்ளை மறைந்து இரண்டு நாள் வரைக்கும் தொடர வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் தாயின் முலைக்காம்புக்கும் மருந்து வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் இருவருக்கும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. இழுப்புக்கு ஸ்டீரொயிட் பம்ப் பாவிக்கிற பெரிய பிள்ளைகளுக்கும் இது வரும், ஒவ்வொரு தடவையும் பம்ப் அடித்த பிறகு வாய் கொப்பளித்து வந்தால் வராமல் தடுக்கலாம்.

காயத்தால் வரும் புண்ணும் உண்டு. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் ஊசி போட்டுப் பல் பிடுங்கிய பிள்ளை, உதடு விறைத்திருப்பதால் அதைச் சப்பிச் சப்பிக் கடித்துவிடும், அடுத்த நாள் உதடு வீங்கி வெள்ளையாக இருக்கும். சீழ் பிடித்துவிட்டது என்று பதறுவார்கள், ஊசியில் பிழை என்று சண்டைக்கும் போவார்கள். அது கடித்த காயம், தானாக ஆறும். ஊசி போட்ட பிறகு விறைப்புப் போகும்வரை சாப்பிடக் கொடுக்காமல், பக்கத்தில் இருந்து பார்த்தால் வராது. அப்பம்மாவின் வெத்திலைத் தட்டத்தில் இருக்கிற சுண்ணாம்பை வாயில் போட்டுக்கொண்ட பிள்ளை என்றால் கதை வேறு. வாயை நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சத்தி (வாந்தி) எடுக்க வைக்க வேண்டாம்.

நோவைக் குறைப்பது

பரசிற்றமோல், நாங்கள் பனடோல் என்று சொல்கிறது, இதுதான் முதல் மருந்து. காய்ச்சல் இல்லாவிட்டாலும் கொடுக்கலாம், நோவுக்காகத்தான் கொடுக்கிறோம். அளவு பிள்ளையின் வயதைப் பார்த்து அல்ல, நிறையைப் பார்த்து. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலத்தில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். நிறை தெரியாவிட்டால் கிளினிக் கொப்பியைப் பாருங்கள், கடைசியாக நிறுத்தது எழுதியிருக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம்: 12 கிலோ பிள்ளை, கிலோவுக்கு 15 வீதம் 180 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால் அது 7.5 மில்லிலீற்றர். எல்லாப் போத்தலும் ஒரே செறிவு அல்ல, துளிமருந்து பாணியைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கும், அதனால் லேபலை வாசிக்காமல் ஊற்ற வேண்டாம். அளவுக்குத் தேத்தண்ணிக் கரண்டி வேண்டாம், பாமசியில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்குங்கள், விலை பெரிதில்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டொக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். வாயால் விழுங்கவே மறுக்கிற பிள்ளைக்கு மலவாசல் வழியாக வைக்கிற பரசிற்றமோல் இருக்கிறது, டொக்டரிடம் கேளுங்கள்.

நேரம் முக்கியம். மருந்தைக் கொடுத்து அரை மணித்தியாலம் கழித்து, நோவு அடங்கியிருக்கும்போது சாப்பாட்டையும் குடிக்க வேண்டியதையும் கொடுங்கள். சும்மா காய்ச்சல் ஏறும்போது மட்டும் மருந்து கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் நோவோடு ஊட்டினால் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்தச் சின்ன ஒழுங்கை மாற்றினாலே பல பிள்ளைகள் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஐபுபுரோபன் வாய் நோவுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்துதான், ஆனால் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு இருக்கிற பிள்ளைக்கு அதை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மாரி மழை தொடங்கிக் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் இங்கே டெங்கு கூடும், டெங்குக் காய்ச்சலில் ஐபுபுரோபன், டைக்லோபெனாக் போன்றவை இரத்தக்கசிவை உண்டாக்கும். கொப்புளிப்பானுக்கும் அது கூடாது. அஸ்பிரினை 16 வயதுவரை எந்தப் பிள்ளைக்கும் டொக்டர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது, வைரஸ் காய்ச்சலோடு அது சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வரலாம்.

குடிக்க வைப்பது

ஒரு கோப்பையை நீட்டிக் "குடி" என்றால் குடிக்காது. 5 மில்லிலீற்றர் சிரிஞ்சில் எடுத்து, நாக்கில் படாமல் கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. கேட்கச் சின்ன அளவாகத் தெரியும், ஆனால் ஒரு மணித்தியாலத்தில் 60 மில்லிலீற்றர் போய்விடும். 10 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு லீற்றர், ஆகவே முழித்திருக்கும் நேரமெல்லாம் விடாமல் செய்தால் பெரும்பகுதி உள்ளே போய்விடும். போத்தல் சூப்பி புண்ணில் உரசும், இந்தக் கொஞ்ச நாளைக்குக் கரண்டியாலோ சின்னக் கோப்பையாலோ கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை மார்பைப் பிடிக்க மறுத்தால் பாலைப் பீச்சிக் கரண்டியால் கொடுக்கலாம்.

குளிர்ச்சியாகக் கொடுங்கள். இதைத்தான் வீட்டில் பெரியவர்கள் எதிர்ப்பார்கள், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் குளிர் சாமானா, சளி பிடிக்கும் என்று. குளிர் சளியை உண்டாக்காது, அந்த நேரத்தில் வாயை விறைக்க வைத்து நோவைக் குறைக்கும். இளநீர், உப்பும் மிளகாயும் போடாத மோர், குளிர்ந்த பால், யோகட், ஐஸ்கிறீம், நுங்குக் காலமென்றால் நுங்கு. ஐஸ்கிறீம் சாப்பிடுகிற ஒரு பிள்ளைக்குப் பாலும் நீரும் இனிப்பும் ஒன்றாக உள்ளே போகிறது, அதைக் கெட்ட பழக்கம் என்று நினைக்க வேண்டிய கிழமை இதுவல்ல. சலம் (சிறுநீர்) குறைந்துவிட்டதென்றால் ஜீவனி என்ற உப்பு, சீனித் தூளைக் கரைத்துக் கொடுக்கலாம், பக்கற்றில் சொன்னபடி ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுப் பக்கற்றையும் போட வேண்டும், 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். தோடம்பழச்சாறு, தேசிக்காய்த் தண்ணீர், அன்னாசி, தக்காளி இரசம் எல்லாம் எரிக்கும். காய்ச்சலுக்கு நல்லது என்று தோடம்பழம் பிழிந்து கொடுத்துத்தான் பல பிள்ளைகளுக்குக் கோப்பையைக் கண்டாலே பயம் வந்துவிடுகிறது.

சாப்பாடு இரண்டாம் பட்சம். நாலு நாள் சோறு குறைந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, நிறை பிறகு ஏறும். குழைந்த சோற்றில் கட்டித் தயிர், பாலில் ஊறவைத்த இடியப்பம், வாழைப்பழம், ஆறிய குரக்கன் கஞ்சி, பருப்பு மசித்தது, அவித்த முட்டையை மசித்துப் பாலோடு. சொதி என்றால் பச்சைமிளகாயும் தேசிக்காயும் சேர்க்க முன் பிள்ளைக்கு வேறாக எடுத்து வையுங்கள். முறுக்கு, பருத்தித்துறை வடை, பொரித்த அப்பளம் போன்ற கூர் உள்ளவை புண் ஆறும்வரை வேண்டாம்.

ஆறு வயதுக்கு மேல், கொப்பளித்துத் துப்பத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைக்கலாம், சாதாரண வாய்ப்புண்ணுக்கு அது உதவும். முதலில் கொஞ்சம் எரியும், மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள், மிருதுவான பிரஷ் எடுங்கள், துலக்கவே முடியாத நாளில் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

பூசக்கூடாதவை

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேடு அதிகம் வருவது இங்கேதான்.

வெங்காரம். பொரித்துத் தேனில் குழைத்துக் குழந்தையின் வாயில் தடவுவது பழைய பழக்கம், போறிக் கிளிசரின் என்று போத்தலில் வந்ததும் அதே இனம். வெங்காரத்தில் உள்ள போரன் குழந்தையின் உடம்பில் சேர்ந்து நஞ்சாகும். வெங்காரமும் தேனும் தடவிய சூப்பியைச் சூப்பிய குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது மருத்துவத்தில் பதிவாகி இருக்கிறது. எந்த வயதிலும் பிள்ளை வாயில் தடவ வேண்டாம்.

தேன். ஒரு வயதுக்குப் பிறகு நாக்கில் கொஞ்சம் தடவினால் பிரச்சினை இல்லை. ஒரு வயதுக்குள் ஒரு துளியும் கூடாது, தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து பொற்றுலிசம் என்ற தசை முடக்க நோயைக் கொண்டுவரலாம். சுத்தமான வன்னித் தேன் என்றாலும் இதேதான்.

விறைக்க வைக்கும் ஜெல். பாமசியில் கேட்டவுடன் கைக்கு வருவது இது. பிள்ளை அதை விழுங்கிவிடும், கூடப் பூசினால் இரத்தத்துக்குள் போகும். பென்சொகெயின் உள்ளது சின்னப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஒட்சிசன் காவும் சக்தியைக் குறைத்துவிடலாம், லிக்னொகெயின் கூடினால் வலிப்பும் இதயத் துடிப்புப் பிழையும் வரலாம். இவற்றைப் பல் முளைக்கும் நோவுக்குக் குழந்தைகளில் பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014லும் 2018லும் எச்சரித்திருக்கிறது. கொலின் சலிசிலேற் உள்ள ஜெல் அஸ்பிரினின் உறவு, அதை 16 வயதுக்குக் கீழே பாவிக்க வேண்டாம் என்று பிரித்தானியா 2009ல் சொல்லிவிட்டது. ஆகவே ரியூபைத் திருப்பி, சின்ன எழுத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று வாசித்துவிட்டுத்தான் காசு கொடுங்கள்.

ஸ்டீரொயிட் பசை சாதாரண வாய்ப்புண்ணுக்குப் பெரிய பிள்ளைகளில் நன்றாக வேலை செய்யும், டொக்டர் எழுதினால். அதையே ஹேர்பிஸ் புண்ணில் பூசினால் வைரஸுக்குக் கொண்டாட்டம். போன வருடம் அண்ணனுக்குத் தந்த ரியூபை இந்த வருடம் தங்கச்சிக்குப் பூசக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். அன்ரிபயோற்றிக்கும் அப்படித்தான், வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது, வயிற்றோட்டத்தையும் பூஞ்சணத்தையும் கொண்டுவரும். படிகாரம், மஞ்சள், உப்புக்கல் ஆகியவற்றைப் புண்ணில் நேரே வைத்துத் தேய்ப்பது பிள்ளைக்குச் சித்திரவதை.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வைத்துக் கொடுப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். உறைப்பில்லாமல் நன்றாகக் குழைய வைத்து ஆறவிட்டு, பிள்ளை விரும்பிச் சாப்பிட்டால் தாராளமாகக் கொடுங்கள். நல்ல சாப்பாடு. அதை மட்டும் நம்பி நோவு மருந்தைக் கைவிடாதீர்கள்.

எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்

சலத்தைப் பாருங்கள். கைக்குழந்தையின் பம்பஸ் ஆறு மணித்தியாலமாக நனையவில்லை, பெரிய பிள்ளை எட்டு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, உச்சிக்குழி பதிந்திருக்கிறது, பிள்ளை சோர்ந்து விளையாட்டை விட்டுவிட்டது என்றால் இரவென்றும் பார்க்காமல் போங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே போக வேண்டும். திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழுவது, தள்ளாடி நடப்பது, விடாமல் சத்தி, மூச்சு வேகமாக வாங்குவது ஆகியவை கை, கால், வாய் நோய் மூளையைத் தொட்டிருக்கலாம் என்பதற்கு அடையாளம். அது அரிது, ஆனால் காத்திருக்கக்கூடாது. காய்ச்சல் ஐந்து நாளாக விடவில்லை, உதடு வெடித்துச் சிவந்திருக்கிறது, நாக்கு ஸ்ரோபெரிப்பழம்போல் சிவப்பு, கண் பீளையில்லாமல் சிவப்பு என்றால் கவசாக்கி நோயாக இருக்கலாம், பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் இதய நாளங்களைக் காப்பாற்றலாம்.

போதனா வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரிப் பக்கத்து ஆட்களுக்கு அங்கங்கே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டில் மற்றப் பிள்ளைகள் இருந்தால் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கை கழுவுவதுதான் காவல். கை, கால், வாய் நோயின் வைரஸுக்கு அல்ககோல் சனிற்றைசர் அவ்வளவாக வேலை செய்யாது. பம்பஸ் மாற்றிய பிறகு கட்டாயம் கழுவுங்கள், நோய் மாறிய பிறகும் சில கிழமைகளுக்கு மலத்தில் வைரஸ் போகும். கோப்பை, கரண்டி, துவாய் வேறாக இருக்கட்டும். காய்ச்சல் விட்டு, கொப்புளங்கள் காய்ந்து, பிள்ளை வழமைபோல் சாப்பிடத் தொடங்கும்வரை முன்பள்ளிக்கு விடாதீர்கள், ரீச்சருக்கும் சொல்லிவிடுங்கள்.

சரி, ஆறினது மாதம் தவறாமல் திரும்பத் திரும்ப வந்தால்? முதலில் பல்லைப் பாருங்கள், உடைந்த பல் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கலாம். நுரை அதிகம் வரும் பற்பசைகளில் உள்ள சோடியம் லோரில் சல்பேற் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அது இல்லாத பசைக்கு மாறிப் பார்க்கலாம். அப்புறம் சாப்பாடு. மச்சம் சாப்பிடாத சைவ வீடுகளில் பி12 பால், தயிர், முட்டையிலிருந்துதான் கிடைக்க வேண்டும், முட்டையும் இல்லை, பாலும் பிடிக்காது என்றால் குறைந்துபோகும். சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கக் கொடுத்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும், தெரிந்தால் சரிசெய்வதும் சுலபம். மூன்று முதல் ஆறு கிழமைக்கு ஒரு தடவை கணக்காகக் காய்ச்சல், தொண்டை நோவு, கழுத்தில் கட்டி, வாய்ப்புண் எல்லாம் சேர்ந்து வந்து போகிறது, நிறை ஏறவில்லை, வயிற்றோட்டம் நாட்பட்டு இருக்கிறது, மலத்தில் இரத்தம், மூட்டு நோவு, மறைவிடத்திலும் புண் என்றால், அல்லது ஒரே புண் மூன்று கிழமையாகியும் ஆறவில்லை என்றால், குழந்தை வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டும். புண் வந்த திகதிகளைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள், ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். உங்களுக்குத் திகதி கிடைத்து உள்ளே போகும் நாளில் பெரும்பாலும் புண் ஆறியிருக்கும், அந்தப் படத்தைத்தான் டொக்டர் பார்ப்பார்.